எங்கள் வீட்டுப் பாவப் பட்டியல்

என் மகளுக்கு எட்டு வயது முடிவதற்குள் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, மனஸ்தாப மந்திரம், செபமாலைத் தேவ இரகசியங்கள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, உழைத்தது நான்தானே. நாவுலவுக்கும் நாலந்தாவுக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கும் எங்கள் ஊரில் முப்பது கத்தோலிக்கக் குடும்பங்களும் ஒரு சின்னக் கோயிலும் இருக்கின்றன. போன வருடம் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்க ஆயத்தமான பிள்ளைகள் ஐந்து பேர். ஐந்தில் யார் கெட்டிக்காரி என்று வகுப்பெடுக்கும் சிஸ்டரைக் கேட்டால் சிரித்து மழுப்புவார். நான் மழுப்ப மாட்டேன்.

எனக்கு மாத்தளை டவுனில் ஒரு சரக்குக் கடையில் வேலை. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் நிறுத்து மூட்டை கட்டுவேன். நான் இடக்கைக்காரன். என் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். கொழும்பு லொறியில் எத்தனை குலுங்கினாலும் அவிழாது. “இவன் கட்டினா கத்தி வச்சுத்தான் அறுக்கணும்” என்று முதலாளி ஆட்களிடம் சொல்வார். வேலை முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஆறரை மணிக்குப் பிள்ளையைச் சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவேன். மழையானாலும் சரி, கிரிக்கெட் மேட்ச் ஆனாலும் சரி, செபம் தப்பாது.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வாள். “பிள்ளையக் கிளிப்பிள்ளையாக்கிட்டுத்தான் ஓய்வீங்க போல.”

“கிளி சொன்னா கடவுளுக்குக் கேட்காதா?” என்பேன். எனக்கு வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

முதல் நன்மைக்கு முதல் நாள் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம் என்று அறிவித்திருந்தார்கள். அந்த வாரம் புதன்கிழமை நான் ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, மகள் ஃபாதரிடம் சொல்ல வேண்டிய பாவங்களை எழுதிக் கொடுத்தேன். மொத்தம் ஐந்து. அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை. பொய் சொன்னேன். தம்பியை அடித்தேன். சீனி திருடித் தின்றேன். செபம் சொல்லும்போது தூங்கினேன்.

யோசித்து எழுதியதல்ல. எனக்கு எட்டு வயதில் என் அப்பா எழுதிக் கொடுத்தது இதுதான். அவருக்கு அவருடைய அப்பா வாயால் சொல்லிக் கொடுத்தாராம். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே ஐந்து பாவங்களைத்தான் செய்து வந்திருக்கிறோம். நாற்பது வயது தாண்டியும் உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் நான் போய் ஒப்புவிப்பது இதே ஐந்தைத்தான். சீனி வியாதி வந்து சீனியே தொடாத காலத்திலும் திருடித் தின்றதாகச் சொல்லியிருக்கிறேன்.

மகள் தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

“அப்பா, எனக்குத் தம்பி இல்லையே.”

“அதனால என்ன? முன் வீட்டுப் பையன் தம்பி முறைதானே.”

“அவன நான் அடிக்கல. அவன்தான் என்ன அடிச்சான்.”

“சரி, அத விட்டுட்டு மத்ததச் சொல்லு.”

“சீனியும் திருடல. வேணும்னா அம்மாகிட்டக் கேட்பேன். செய்யாதத செஞ்சேன்னு ஃபாதர்கிட்ட சொன்னா, அது அங்கேயே ஒரு பொய்தானே அப்பா?”

என் மனைவி அடுப்படியில் சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தாத்தா காலத்துப் பட்டியல், நீ பெரிய மனுஷியா என்று ஏதோ சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. வாதாடுகிற முகமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்.

“நீங்களும் இதையா சொல்வீங்க?”

“ஆமா.”

“பொய் சொன்னேன்னு சொல்வீங்களா?”

“சொல்வேன்.”

“யார்கிட்ட சொன்ன பொய்? சிஸ்டர் சொன்னாங்க, பாவம்னா அத யாருக்குச் செஞ்சோமோ அப்படி ஒரு ஆள் இருக்கணுமாம். சங்கீர்த்தனத்துக்குப் போறதுக்கு முந்தி அந்த ஆள்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்கணுமாம். நீங்க யார்கிட்டப் போனீங்க?”

“போய்ப் படி!” என்று நான் போட்ட சத்தத்தில் முன் வீட்டு நாய் குரைத்தது. பிள்ளை தாளை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் டீவியைப் போட்டேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ஆள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும்.

எங்கள் கோயில் திருநாள் கொடியேற்றத்தோடு தொடங்கும். கொடிக்குள் பூவிதழ்களை வைத்துச் சுருட்டி, மெல்லிய நூலால் உருவு முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். ஃபாதர் கயிற்றை இழுக்க அது பொட்டலமாகக் கம்பத்தின் உச்சிக்குப் போகும். அங்கே ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரியும், பூ கொட்டும். கொடியைச் சுருட்டிக் கட்டுவது மூப்பருடைய வேலை. கோயில் சாவியை வைத்திருப்பதும், மணி அடிப்பதும், ஃபாதர் வராத ஞாயிறுகளில் கரகரத்த குரலில் செபமாலை நடத்துவதும் அவர்தான். எனக்கு அண்ணன் முறை. வயதில் அப்பா மாதிரி.

அதற்கு ஆறு வருடம் முந்திய கொடியேற்றத்தன்று, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் மெழுகுதிரி எடுக்கப் போனேன். மூப்பர் கட்டி வைத்த கொடி மேசையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். முடிச்சு லேசாக இருந்தது. அன்று காற்று வேறு. பாதி வழியில் அவிழ்ந்துவிட்டால் ஊர் மானம் போகுமே என்று, மூட்டை கட்டுகிறவன் புத்தி, அதன் மேல் என் முடிச்சு ஒன்றையும் போட்டு இறுக்கினேன். யாரும் பார்க்கவில்லை. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, இரண்டு வயது மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் நின்றேன்.

ஃபாதர் சுண்டினார். அவிழவில்லை. இன்னொரு தரம் சுண்டினார். இளவட்டங்கள் இரண்டு பேர் கை கொடுத்து இழுத்தார்கள். உச்சியில் கயிறு ஓடும் கட்டை பெயர்ந்து, கொடியும் கயிறும் பொத்தென்று ஃபாதரின் காலடியில் விழுந்தன. எல்லோருக்கும் முன்னால் வாய் திறந்தவன் நான். “மூப்பருக்கு வயசாயிருச்சு. ஒரு கொடியக்கூட ஒழுங்காக் கட்டத் தெரியல” என்றேன். மெதுவாகவும் சொல்லவில்லை.

கொடி விழுந்தால் ஊருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்த வருடம் மழை காலம் தப்பிப் பெய்து மிளகுப் பூ உதிர்ந்தது. ஒரு வீட்டில் மாடு செத்தது. எல்லாம் அவர் தலையில் ஏறியது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். இரண்டு மாதத்தில் அவர் சாவியை ஃபாதர் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் கோயில் படி ஏறவில்லை. ஞாயிறு காலையில் இரண்டு பஸ் மாறி வஹகோட்டைக்குப் போய்ச் சிங்களப் பூசை கண்டுவிட்டு வெயிலோடு திரும்பி வருவார். நான் அவரை ரோட்டில் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். அவர் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று மகளுக்கும் உத்தரவு போட்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் சங்கீர்த்தனத்தில் “பொய் சொன்னேன்” என்ற இரண்டாவது பாவத்துக்குள் இதையும் சேர்த்து ஒளித்துவிடுவேன். எந்தப் பொய் என்று எந்த ஃபாதரும் கேட்டதில்லை. கேட்டது என் மகள்தான்.

வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்து முன்னால் நின்றாள். கையில் தாள் இல்லை.

“அப்பா, நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு ஒரு பாவம் இருக்கு. அது உங்களுக்குச் செஞ்சது.”

“என்ன?”

“நீங்க போகாதன்னு சொன்ன பிறகும் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மூணு தடவ. அவங்க நாய் குட்டி போட்டிருந்திச்சு. என்ன மன்னிச்சிருங்க அப்பா.”

மூப்பரைத்தான் அவள் பெரியப்பா என்பாள். கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கீழே பார்க்கவில்லை. அடி விழலாம் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறாள். அவள் வயதில் நான் இப்படி ஒருவர் முன்னாலும் நின்றதில்லை. நாற்பது வயதிலும் நின்றதில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குப் பெருமை பொங்கியது. அந்தப் பெருமையிலேயே வெட்கமும் வந்தது, ஏனென்றால் இதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

“மன்னிச்சிட்டேன்” என்றேன்.

“ஏன் அப்பா அங்க போகக்கூடாது? பெரியப்பா என்ன செஞ்சாரு?”

“ஒண்ணும் செய்யல” என்றேன். அது மட்டுமாவது உண்மை.

மறுநாள் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்று மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது இரண்டு தரம் திரும்பினேன். மூன்றாம் தரம் திரும்பப் பார்த்தபோது அவர் நாய் என்னைக் கண்டு குரைத்துக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர் முற்றத்தில் காய்ந்த மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். காலடியில் நான்கு குட்டிகள்.

“வா தம்பி” என்றார், நேற்றுத்தான் வந்து போனவனைப் போல.

உட்கார்ந்தால் வாய் வராது என்று நின்றபடியே சொன்னேன். “அண்ணே, அன்னிக்குக் கொடி நீங்க கட்டினதால விழல. நீங்க கட்டினது மேல நான் ஒரு முடிச்சுப் போட்டேன். நான் போட்டதாலதான் அவிழல. அது தெரிஞ்சும் உங்க மேல பழியப் போட்டேன்.”

அவர் கை நிற்கவில்லை. இரண்டு கை மிளகை அள்ளிப் போட்டார்.

“தெரியும்” என்றார்.

“எப்படி?”

“கொடியத் தோய்க்கிறதுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேனே. முடிச்ச அவிழ்க்கப் பார்த்தேன், முடியல. கத்தி வச்சுத்தான் அறுத்தேன். எதிர்ப்பக்கமாச் சுத்தின முடிச்சு. இந்த ஊர்ல இடக்கையால மூட்டை கட்டுறவன் வேற யாரு?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது, தன் கை பிழைத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆறு வருடமாக நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். “தெரிஞ்சும் ஏன் அண்ணே சொல்லல? அடுத்த நாளே சொல்லியிருக்கலாமே” என்று கேட்டேன். கேட்ட குரலில் கோபம்கூட இருந்தது. தப்பு செய்தவனுக்குத்தான் கோபம் முந்தி வரும்.

“சொல்லத்தான் வந்தேன்” என்றார். “அடுத்த நாள் உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீ பிள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டு முற்றத்தில நடந்துக்கிட்டிருந்த. அது உன் தலைமுடியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்திச்சு. அது முன்னுக்கு வச்சு உங்க அப்பன் பொய்யன்னு எப்படிச் சொல்றது? திரும்பி வந்துட்டேன். பிறகு விட்டுப்போச்சு.”

நான் அங்கே அழுதேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி உள்ளே போய்விட்டார். மூப்பர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “சரி, சரி, குடி” என்றார். மன்னித்தேன் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.

ஞாயிறு எங்கள் கோயிலுக்கு வரவேண்டும் என்று கேட்டேன். தலையை ஆட்டினார். “ஆறு வருஷம் கழிச்சு இப்ப ஏன் வந்தேன்னு கேட்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?”

“நீங்க வாங்க. அதுக்குப் பதில் நான் சொல்றேன்.”

சனிக்கிழமை காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் மகளின் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, “ஆறு வருஷமா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா என் கையால சோறு தின்னீங்க?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பின்னேரம் கோயிலில் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். என் மகள் தாள் இல்லாமல் போய், தன் சொந்தப் பாவத்தைச் சொல்லிவிட்டு, பல் தெரியத் திரும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால் நான் போனேன். முதல் தரமாகப் பட்டியல் இல்லாமல் முழங்காலில் நின்றேன். முடித்தபின், ஞாயிறு பூசையில் அறிவித்தல் நேரத்தில் ஒரு நிமிடம் தாருங்கள் என்று ஃபாதரிடம் கேட்டேன். “இதைச் செய்யணும்னு நான் சொல்லல, அது உங்க விருப்பம்” என்றார்.

ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. மூப்பர் கடைசி வரிசை வாங்கில், வாசலுக்குப் பக்கத்தில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து பிள்ளைகளும் முன்னால் நின்றார்கள். எங்கள் வழக்கப்படி தகப்பன்மார் மெழுகுதிரியைக் கொளுத்திப் பிள்ளைகள் கையில் கொடுத்தோம். நான் கொடுத்த பிறகும் விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்து மகள் தானே மெழுகுதிரியை இழுத்துக்கொண்டாள். முதல் நன்மை வாங்கும்போது அவள் கண்ணை மூடிய விதம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் அந்தக் கோயிலில் என்னைவிடப் பெருமைப்பட்டவன் எவனும் இல்லை.

அறிவித்தல் நேரம் வந்தது. ஃபாதர் என்னைப் பார்த்தார். முன்னால் போனேன். பிள்ளைகள் இரண்டடி தள்ளி நின்றார்கள். எந்தப் பிள்ளைக்குக் கேட்கக்கூடாது என்று அந்த மனிதர் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அந்தப் பிள்ளை எரிகிற மெழுகுதிரியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

“ஆறு வருஷத்துக்கு முந்தி கொடி விழுந்ததுக்கு மூப்பர் காரணம் இல்ல” என்று தொடங்கினேன். “அவர் சரியாத்தான் கட்டியிருந்தார். அது மேல யாருக்கும் தெரியாம முடிச்சுப் போட்டது நான். பிறகு அவர் மேல பழியப் போட்டதும் நான். அவருக்கு அது தெரியும். தெரிஞ்சும் என்னக் காட்டிக் கொடுக்கல. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். இப்ப உங்ககிட்டயும் கேட்கிறேன்.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “அட பாவி!” என்றது. சரியாகத்தான் சொன்னார். நான் மகளைப் பார்க்கப் பயந்துகொண்டு பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டிக் கடைசி வாங்கில் இருந்த பெரியப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து, படம் எடுத்து, கேக்கும் பாலும் கொடுத்து, ஊர் கலைய நேரமாகிவிட்டது. மூப்பரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. பழி சொன்ன வாய்கள் எல்லாம் இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன. என் பக்கம் வந்தவர்கள் குறைவு. மனைவி வந்து என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு முன்னால் நடந்தாள். நாங்கள் ரோட்டில் ஏறி வீட்டுக்கு நடந்தோம். மகள் வெள்ளைச் சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

“அப்பா, இன்னிக்கு நீங்க சொன்னது தாத்தாவோட லிஸ்ட்ல இல்லையே.”

“இல்ல மகள்.”

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். “என் பாவத்துக்கு ஃபாதர் ஒரு பரிகாரம் தந்தாரு. உங்களுக்கு இன்னிக்கு யாருமே தரலையே.”

“நீ தா.”

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுக்கவில்லை. “மூணு அருள் நிறைந்த மரியே. மனசுக்குள்ள இல்ல, சத்தமா. நான் தொடங்குறேன், நீங்க மறுமொழி சொல்லுங்க” என்றாள்.

நட்ட நடு ரோட்டில், பகல் பதினொரு மணிக்கு, ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவள் தொடங்கினாள். முதலாவதுக்கு நான் தனியாக மறுமொழி சொன்னேன். பாதி வார்த்தையை விழுங்கிவிட்டேன். இரண்டாவதுக்கு அவள் இன்னும் சத்தமாகத் தொடங்கினாள். நான் வாயெடுக்கும் முன்பே, எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு கரகரத்த குரல் மறுமொழியைத் தொடங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு வருடமாக எங்கள் ஊரில் கேட்காத அந்தக் குரலோடு சேர்ந்து சொன்னேன்.

மகள் மூன்றாவதைத் தொடங்கினாள்.